வாங்குகளை வெளியே தூக்கி வைத்தோம்

நவாலிக்குப் பிறகு, ஆபத்தென்றால் கோயிலுக்கு ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை எங்கள் பக்கத்தில் விட்டுவிட்டார்கள். 1995 ஜூலை 9 ஆம் திகதி, ‘முன்னேறிப் பாய்தல்’ என்று பெயர் வைத்து இராணுவம் வலிகாமத்துக்குள் இறங்கிய அன்று, ஓடிவந்த சனம் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்திலிருந்த கதிர்காம முருகன் கோயிலிலும் ஒதுங்கியிருந்தது. அந்த இடத்தில்தான் விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் முடிந்துபோனார்கள். கூரைமேல் நிற்கிற சிலுவை கீழே இருப்பவர்களுக்குக் காவல் இல்லை என்பது அன்றோடு எல்லாருக்கும் விளங்கிவிட்டது. எங்கள் பங்குக் கோயில் வளவில் பனங்குற்றி போட்டு, மண்மூட்டை அடுக்கிப் பதுங்குகுழிகள் வெட்டினார்கள். ஞாயிறு பூசைக்குப் பின்வரிசையில் நிற்கப் போட்டி நடந்தது. வாசலுக்குக் கிட்ட நின்றால் குழிக்குள் பாய்வது சுலபம்.

அதனால் ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் எழும்பி எங்கள் பக்கமாக நடக்கத் தொடங்கியபோது, கோயிலைத் திறந்துவிடுவது தருமம் என்று எங்கள் ஊரில் எவருக்கும் உடனே தோன்றவில்லை. “உள்ளுக்கு விட்டு, எல்லாரையும் ஒண்டாச் சாகக் குடுக்கப் போறியளோ?” என்றுதான் முதலில் கேட்டார்கள்.

நாங்கள் தென்மராட்சி. கண்டி வீதியில் சாவகச்சேரி தாண்டி உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில் எங்கள் கோயில். மாவும் பலாவும் தென்னையும் சூழ்ந்த வளவு. வெள்ளைக்காரச் சுவாமிமார், அதாவது பிரான்சிலிருந்து வந்த அமலமரித் தியாகிகள், தொடக்கிவைத்த சின்னப் பங்கு. என் அப்பா அங்கே மூப்பர். மணி அடிப்பதிலிருந்து கல்லறைத் திருநாளுக்குச் சேமக்காலையில் புல்லுச் செதுக்க ஆள்பிடிப்பது வரை அவர் பாடு. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். 1990 இலிருந்து மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டுச் செய்த விளக்கில்தான் எங்கள் தலைமுறை பரீட்சைக்குப் படித்தது.

ஒக்டோபர் 17 இல் ‘சூரியக்கதிர்’ நடவடிக்கை தொடங்கியதிலிருந்து ஷெல் சத்தம் நாளுக்கு நாள் கிட்டவாக வந்துகொண்டிருந்தது. 30 ஆம் திகதி பொழுதுபட, உடனே வெளியேறுங்கள் என்று விடுதலைப் புலிகளின் ஒலிபெருக்கி வாகனங்கள் வலிகாமத்துத் தெருக்களில் அறிவித்தன. யாழ்ப்பாண நகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் ஒரே இரவில் கிளம்பின. வெளியேற வழி இரண்டுதான்: நாவற்குழிப் பாலத்தால் கண்டி வீதி, மற்றது கோப்பாய் கைதடிப் பாலம். நாலைந்து லட்சம் சனம் அந்த இரண்டு ஒடுங்கிய பாதைகளில் இறங்கினால் எப்படியிருக்கும்? பத்து மைல் தூரத்தைக் கடக்கப் பலருக்கு அந்த இரவும் மறுநாளும் போதவில்லை. மழை வேறு. செம்மணி வெளியில் முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் போக முடியாமல் நின்றபடியே இரவைக் கழித்தவர்கள், குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீரைச் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பருக்கினார்களாம். இதை எத்தனையோ வாயால் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் தாங்கள் மட்டும் கண்டுபிடித்த உபாயம் போலச் சொல்வார்கள்.

31 ஆம் திகதி விடிய, எங்கள் ஒழுங்கை வாசலில் முதலாவது சைக்கிள் வந்து நின்றது. கரியரில் அரிசிமூட்டை, அதன்மேல் ஒரு கிழவி. தள்ளிக்கொண்டு வந்தவரின் காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது. “அம்மாவைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாமோ?” என்று கேட்டார். அவர் தங்குவதற்குக் கேட்கவில்லை.

பங்குச் சுவாமி தீவுப் பகுதிக்காரர். 1990 இல் தன் சொந்த ஊரே காலியானதைப் பார்த்த மனிதர். அதிகம் பேசமாட்டார். பிரசங்கம் சொன்னால் பாதிப்பேர் நித்திரை. கோயில் கதவைத் திறந்து, “வாங்குகளை வெளியில எடுங்கோ” என்றார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அந்த வாங்குகள் அவருடைய பாட்டனார் காலத்தவை. தடித்த முதிரைப் பலகை. இனி அப்படி ஒன்று செய்ய மரமும் இல்லை, தச்சனும் இல்லை.

“மழையில நனைஞ்சால் வெடிச்சுப்போம் சுவாமி.”

“வாங்கு பிறகு காயும், மூப்பர்.”

அவ்வளவுதான் பேச்சு. நாங்கள் வாங்குகளை மாமரத்துக்குக் கீழே கொண்டுபோய் அடுக்கிக் கிடுகால் மூடினோம். நற்கருணைப் பேழையில் இருந்ததைச் சுவாமி தன் அறைக்கு எடுத்துப்போனார். பீடத்தின் முன்னால் எரிகிற சிவப்பு விளக்கும் அவரோடு போயிற்று. பிறகு பீடத்தின் கீழ்ப்படிவரை பாய் விரிக்கலாம் என்று சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் நிலம் தெரியவில்லை. கொக்குவில், கொண்டாவில், ஆனைக்கோட்டை, குருநகர், நாவாந்துறை என்று ஊர் ஊராக வந்து இறங்கினார்கள். வந்தவர்களில் பாதிக்கு மேல் சைவக்காரர். அடுத்த ஒழுங்கையில் பிள்ளையார் கோயில் மடமும் அதே மாதிரி நிறைந்திருந்தது. அங்கே கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன. யார் எங்கே விழுந்தார்களோ அங்கே கிடந்தார்கள்.

வந்தவர்களின் பெயரெழுதும் வேலை என்னிடம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய சீ.ஆர். கொப்பியில் கோடு கீறி, குடும்பத் தலைவர், ஆட்கள், ஊர் என்று நிரல் போட்டேன். பங்குச் சபைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். “ஊருக்குப் பக்கத்தில குறிச்சி எண்டும் ஒரு நிரல் போடு பிள்ளை. நிவாரணம் வரேக்க உதவும்” என்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் குறிச்சி கேட்பதன் பொருள் தெரியும். ஊரைச் சொன்னால் ஊர்தான் தெரியும். குறிச்சியைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். நான் நிரலைக் கீறி, தலைப்பையும் எழுதிவிட்டேன். பின்னேரம் சுவாமி கொப்பியைப் புரட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. என் பேனையை வாங்கிக் ‘குறிச்சி’ என்பதை வெட்டிவிட்டு, அதன் மேல் ‘பால்குடிப் பிள்ளை’ என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்த நிரலில் நான் எழுதியதெல்லாம் யாருக்குப் பால்மா வேண்டும் என்பதுதான்.

சாதி கொப்பியிலிருந்து போனாலும் கிணற்றடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. கோயில் கிணறு அத்தனை பேருக்கும் காணாது. காலையிலேயே கலங்கிச் சேறு வந்துவிடும். எதிர்வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர். அந்த வீட்டுக்காரர் பூசை தவறாதவர், நற்கருணை வாங்காத ஞாயிறு இல்லை. முதல் நாள் எல்லாரும் அள்ளினார்கள். இரண்டாம் நாள் விடிய வாளி இருந்தது, கயிறு இல்லை. கேட்டதற்கு, இற்றுப்போய்விட்டது, சந்தையில் வாங்க வேண்டும் என்றார். குருநகரிலிருந்து வந்த கடற்றொழில் குடும்பத்துப் பெண் ஒருத்தி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். உரத்த குரல்காரி, எதையும் மறைவாகப் பேசத் தெரியாது. உள்ளே போய்த் தன் மூட்டையை அவிழ்த்து, விரல் தடிப்பில் பச்சை நைலோன் கயிறு ஒரு சுருள் கொண்டுவந்தாள். “கயிறுக்கு ஏன் ஐயா சந்தைக்குப் போறியள்? எங்களிட்டக் கயிறுக்குப் பஞ்சமே?” என்று சொல்லித் தானே வாளியில் முடிச்சுப் போட்டாள். வலைக்காரர் போடுகிற முடிச்சு. அவிழ்ப்பதென்றால் கத்திதான் வேண்டும். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர் கத்தி எடுக்கவில்லை. வரவேற்பு என்று எங்கள் பங்கு பின்னாட்களில் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில் எத்தனை பங்கு மனம் இளகி வந்தது, எத்தனை பங்கு வெட்கத்துக்குப் பயந்து வந்தது என்று கணக்குப் பார்த்தால், இரண்டாவதுதான் கனக்கும். வெட்கத்தால் கிடைத்த தண்ணீரும் தாகத்தைத் தீர்த்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சமையலுக்குப் பெரிய பாத்திரம் எங்களிடம் இல்லை. சுவாமி பிள்ளையார் கோயில் மணியகாரரிடம் ஆள் அனுப்பினார். அன்னதானத்துக்கு வைத்திருந்த பித்தளைக் கிடாரங்களில் ஒன்றை அவர் வண்டிலில் ஏற்றிவிட்டார். கூடவே ஒரு சொல்லும் அனுப்பினார்: மச்சம் மட்டும் அதில் காய்ச்சவேண்டாம். அதனால் எங்கள் கோயில் குசினி சைவக் குசினியானது. கஞ்சி, பருப்பு, பூசணிக்காய், திரும்பவும் கஞ்சி. வின்சன்ட் டி போல் சபைக்காரர் வீடு வீடாய்ப் போய் அரிசியும் தேங்காயும் தண்டினார்கள். அரசாங்க நிவாரணம் சீராக வரப் பல நாளாயிற்று. கொண்டாவில் கிழவி ஒருத்தி, வேதக்காரர் கோயிலில் சாப்பிட்டால் ஆசாரம் போய்விடுமோ என்று இரண்டு நேரம் பட்டினி கிடந்தாள். பிள்ளையார் கோயில் கிடாரம் என்று யாரோ சொன்ன பிறகுதான் கோப்பையை நீட்டினாள். குருநகர்ச் சனத்துக்கோ மீனில்லாத சோறு இறங்காது. மதிலுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, எங்கிருந்தோ பிடித்துவந்த நண்டைக் காய்ச்சுவார்கள். வாசம் காற்றோடு பீடம்வரை வரும். செபமாலை சொல்லிக்கொண்டிருப்பவர்களின் குரல் கொஞ்சம் தடுமாறும்.

உள்ளே வராத ஒரு குடும்பமும் இருந்தது. நவாலிக்காரர். தாயும் மூன்று பிள்ளைகளும். கத்தோலிக்கர், கழுத்தில் உத்தரியம். ஜூலையில் தப்பியவர்கள். மழை கொட்டிய இரவிலும் அந்தத் தாய் கோயிலுக்குள் கால் வைக்கமாட்டாள். வாங்குகளை மூடியிருந்த கிடுகுக்குக் கீழே, வாங்குகளுக்கு இடையில் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு இருப்பாள். ஒருநாள் என் அம்மா கையைப் பிடித்து இழுத்தார். “அங்கயும் இப்பிடித்தானக்கா சொன்னவை, உள்ளுக்கு வாங்கோ எண்டு” என்றாள். அதன்பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அப்பா இன்னும் கொஞ்சம் கிடுகு கொண்டுபோய் மேலே போட்டார்.

நவம்பர் 2 ஆம் திகதி, அதாவது சனம் வந்து சேர்ந்த கையோடு, இறந்தோர் திருநாள் வந்தது. வழக்கமாகச் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்திக் கல்லறைகளை மந்திரிப்போம். அவரவர் தங்கள் செத்தவர்களோடு நிற்கிற நாள் அது. அந்த வருடம் செத்தவர்களை வலிகாமத்தில் விட்டுவிட்டு வந்த சனம் வெறுங்கையோடு எங்கள் கல்லறைகளுக்கு நடுவில் நின்றது. மெழுகுதிரியும் அரும்பொருள். சுவாமி கல்லறை கல்லறையாகப் போகாமல் நடுவிலிருக்கிற பெரிய சிலுவையடியில் ஒரே தரமாகத் தீர்த்தம் தெளித்து முடித்துவிட்டார். தங்கள் குடும்பக் கல்லறைக்குத் தனியாக மந்திரிக்கவில்லை என்று எங்கள் ஊர்க்காரர் சிலர் கோபித்துக்கொண்டார்கள். சண்டைக்கு நடுவிலும் மனிதர் இப்படித்தான்.

நவம்பர் நடுப்பகுதியில் கொண்டாவில் பெரியவர் ஒருவர் காலமானார். இளைப்பாறிய எழுதுவினைஞர். நடந்த நடையும் நனைந்த நனைவும் நெஞ்சில் சளியாய் இறங்கிவிட்டது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியே இடம்பெயர்ந்து கிடந்த நேரம். மருந்துக்கு அலைந்தும் பலனில்லை. சைவக்காரர், எரிக்கவேண்டும். மகன் மட்டும்தான் கூட. அந்த ஈரத்தில் காய்ந்த விறகு எங்கே? ஊரில் மரம் இருந்தது, எல்லாம் பச்சை. எங்கள் சேமக்காலையில் ஓர் இடம் தரலாம் என்று சுவாமி சொன்னார். மகன் தலையைக் குனிந்துகொண்டு, “அப்பா எரிக்கச் சொன்னவர் சுவாமி” என்றார்.

கோயில் கூரையை மாற்றவென்று பல வருடமாகப் பணம் சேர்த்து, பொருளாதாரத் தடைக்குள்ளும் பனந்தீராந்தியும் சிலாகையும் வாங்கி, சுவாமியின் அறைத் திண்ணையில் நனையாமல் அடுக்கி வைத்திருந்தோம். அதைச் சேர்த்தவர் என் அப்பா. பங்குக் கூட்டங்களில் கூரைப்பணம் கூரைப்பணம் என்று சொல்லிச் சொல்லியே கூரைமூப்பர் என்று பட்டம் வாங்கியவர். அந்த மனிதர் எழும்பிப் போய் ஒரு தீராந்தியின் தலைப்பைப் பிடித்து, மறுதலைப்பைப் பிடிக்கும்படி மகனுக்குக் கையைக் காட்டினார். சுவாமி பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொல்லித்தான் அப்பா செய்தார் என்று பிறகு கதை கட்டினார்கள். நான் அங்கே நின்றேன்; சுவாமி வாயே திறக்கவில்லை.

மரத்துக்கு என்ன விலை என்று மகன் கேட்டார். “அதைப் பிறகு பாப்பம் தம்பி. இப்ப தூக்குங்கோ.” சுடலைக்குப் போனவர்களில் எங்கள் மரியாயின் சேனைக்காரர்களும் இருந்தார்கள். திரும்பிவந்து தலைமுழுகக் கிணற்றடியில் வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில் அப்பா இப்படி எழுதியிருந்தார்: தீராந்தி, சிலாகை, செலவானது. எதற்கு என்ற இடத்தில் ‘கூரை’.

கோயிலுக்குள் ஒரு தையற்காரக் கிழவர் இருந்தார். யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்குக் கிட்டக் கடை வைத்திருந்தவர். இரவில் பெண்கள் ஒப்பாரிபோல, ஒரே நாளில் எல்லாத்தையும் விட்டுவிட்டு வந்தோமே என்று சொல்லி அழும்போது அவர் சுவரோடு சாய்ந்திருப்பார். ஒருநாள் சொன்னார்: “திகதியைப் பாத்தியளோ? அதுவும் ஒக்டோபர் முப்பதுதான்.” 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி புலிகள் துரத்தினார்கள். உடுத்த உடுப்போடும் கைச்செலவுக் காசோடும் போனார்கள். எங்கள் சாவகச்சேரி முஸ்லிம்களையும் அதே மாதம்தான் அனுப்பினார்கள். அந்தத் திகதியை அதுவரை எவரும் நினைத்துப் பார்த்ததில்லை. கிழவர் சொன்னதும் சிலர் எழும்பி வெளியே போனார்கள். ஒருவர், “இதெல்லாம் இப்ப கதைக்கிற கதையே? கேட்டால் ஆபத்து” என்றார். அதுவும் உண்மை. கிழவர் பிறகு கதைக்கவில்லை. தைக்கக் கொடுத்து வாங்காமல் விட்டுப்போன ஒரு சட்டையைத் தன் மூட்டைக்குள் வைத்திருந்தார் என்று அவருடைய மகள் அம்மாவிடம் சொன்னாளாம். வந்தவர்களை நாங்கள் சேர்த்துக்கொண்டதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். போனவர்களின் வழியில் எந்தக் கோயில் மணியும் அடிக்கவில்லை. எங்களுடையதும் அடிக்கவில்லை.

நவம்பர் கடைசி ஞாயிறு கிறிஸ்து அரசர் திருநாள். அந்நியர்களையும் பசித்தவர்களையும் பற்றிய மத்தேயு 25 ஆம் அதிகாரம் அன்றைக்கு வாசகமாக வரும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிரசங்கமாவது பொருத்தமாக அமையட்டுமே என்ற ஆசை. ஆனால் அது மூன்றாம் ஆண்டு வாசகச் சுற்று. லூக்காவில் வருகிற நல்ல கள்வன்தான் வந்தான். சுவாமி பிரசங்கமே வைக்கவில்லை. நற்செய்தியை வாசித்துவிட்டு, மலசலகூடக் குழி நிரம்பிவிட்டது, புதிதாக வெட்ட ஆண்கள் பூசை முடிய நிற்கவேண்டும் என்று அறிவித்தார். சுருட்டிய பாய்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் முழந்தாளில் நின்ற எங்களோடு, திருநீறு பூசிய நெற்றியோடு கொண்டாவில் கிழவியும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பச் சொன்னபோது எழும்பினாள்.

டிசம்பர் முதல் வாரம் கார்த்திகை விளக்கீடு. சைவப் பெண்கள் கோயில் மதிலில் விளக்கு வைக்கக் கேட்டார்கள். வானத்தில் பொம்பர் சுற்றுகிற காலம். இரவில் வெளிச்சம் காட்டவே பயம். மைமலுக்கு முன்னம் கொளுத்தி, இருட்டமுதல் அணைக்கவேண்டும் என்று சுவாமி சொன்னார். சிட்டிகளில் எண்ணெய் சொட்டுச் சொட்டாய் விட்டு மதில் நீளத்துக்கு வைத்தார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஓடி ஓடி வைத்தார்கள். அந்த வாரம்தான் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் கையில் விழுந்து, அங்கே கொடி ஏற்றப்பட்ட செய்தி வானொலியில் வந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி இயக்கிக் கேட்ட வானொலி. பெடலைச் சுற்றிக்கொண்டிருந்த பெடியன் காலை நிறுத்திவிட்டான். “சுத்தடா, முழுக்கக் கேப்பம்” என்று யாரோ அதட்டினார்கள்.

நத்தார் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலன் குடில் கட்ட வைக்கோல் இருந்தது. அதில் இரண்டு குடும்பம் படுத்தது.

பிறகு சனம் கரையத் தொடங்கியது. சிலர் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வன்னிக்குப் போனார்கள். மற்றவர்கள் எங்களோடு இருந்தார்கள். இருந்தவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் மாதம் ஏற ஏறச் சில்லறைச் சண்டைகள் வந்தன. விறகு, மாங்காய், பிள்ளைகளின் அடிபிடி. உடுப்புத் தொங்கப்போடச் சுவரில் ஆணி அடித்துச் சாந்து பெயர்த்துவிட்டார்கள் என்று அப்பா கத்தினார். விருந்தாளி என்ற சொல்லுக்கு ஆயுள் கொஞ்சம்தான். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிச் சண்டை பிடிக்காதவர் யார்?

1996 ஏப்ரல் 19 இல் இராணுவம் தென்மராட்சிக்குள் நகர்ந்தது. சில நாளில் கோயில் காலியானது. பெரும்பாலோர் வலிகாமத்துக்கே திரும்பிப்போனார்கள். விடைபெறுகிற அளவுக்கு நேரம் இருக்கவில்லை. கிடாரத்தை நானும் அம்மாவும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து அனுப்பினோம். அடியில் ஒரு நெளிவு விழுந்திருந்தது. மணியகாரர் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே வைத்தார். வாங்குகளில் மூன்று வெடித்திருந்தன. மற்றவை காய்ந்தன.

2000 மே மாதம் எங்கள் முறை. ஆனையிறவு விழுந்து, சண்டை சாவகச்சேரிக்குள் வந்தபோது தென்மராட்சி எழும்பியது. நாங்கள் வலிகாமத்தில் ஒரு பங்கின் மண்டபத்தில் போய் இறங்கினோம். எங்களிடம் இருந்ததைவிட எல்லாம் ஒழுங்கு. மலசலகூடம் இருந்தது, தொண்டு நிறுவனத்துச் சாப்பாட்டுப் பொதி இருந்தது, அட்டை தொங்கவிட்ட பெடியள் மரியாதையாகப் பேசினார்கள். பெயர் எழுதிய பிள்ளை, “எத்தினை நாளைக்கு இருப்பியள் ஐயா?” என்று அப்பாவிடம் கேட்டாள். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்தது. அவள் என்ன செய்வாள்? அப்பா என்னைப் பார்த்தார். ஒரு கிழமை என்று போடச் சொன்னேன். மண்டபத்துக்குப் புதிதாய் வெள்ளையடித்திருந்தார்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. அப்பா தன் சேட்டைக் கழற்றி, மாட்ட இடம் தேடிச் சுவரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மடித்துத் தலைக்குக் கீழே வைத்துப் படுத்தார். எங்களிடம் வந்திருந்தவர்களில் யாரையும் அங்கே காணவில்லை. அவர்களில் பலர் அதற்குள் வன்னியிலோ கொழும்பிலோ கனடாவிலோ இருந்தார்கள்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பினோம். சாவகச்சேரிப் பட்டணத்தில் முழுதாய் நின்ற கட்டடம் தேடினாலும் கிடைக்காது. எங்கள் கோயிலின் கூரை போய்விட்டது. பிள்ளையார் கோயில் மடமும் தரைமட்டம். திருத்தக் குழு போட்டார்கள். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். ரொறன்ரோவிலிருந்து ஒரு தொகை வந்தது. வந்த காசிலேயே பெரியது. அனுப்பியவர் கொண்டாவில் பெரியவரின் மகன். விலாசத்தை எப்படிப் பிடித்தார் என்று தெரியாது. கூடவே சின்னத் துண்டு: மூப்பர் ஐயா விலையைப் பிறகு பார்ப்போம் என்றவர், இது அந்த மரத்துக்கு என்று.

வேலை முடிய, உபகாரிகளின் பெயரைக் கருங்கல்லில் வெட்டி வாசலில் பதிக்க முடிவானது. அந்த மகனின் பெயரில் சிக்கல் வந்தது. சுத்தச் சைவப் பெயர். முருகனின் பெயர்களில் ஒன்று. கோயில் வாசலில் அது எப்படி என்று ஒருவர் கேட்டார். பிற சமயத்தவர் என்று கீழே தனியாகப் போடலாம் என்று இன்னொருவர். பெயரே இல்லாமல் ‘ஓர் அன்பர், கனடா’ என்று போடுவோம் என்று மூன்றாமவர். அவர்தான் அந்தக் காலத்தில் குறிச்சிக்கு நிரல் போடச் சொன்னவர். அப்பா அந்தக் கூட்டத்தில் எழும்பி, “கூரையில ஓடு போடேக்க சமயம் கேட்டியளோ?” என்றார். சுவாமி மாறியிருந்தார், புதியவர் இளைஞர், இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தவே நேரம் போயிற்று. கடைசியில் கல்லில் இடம் காணாது என்று சொல்லிவிட்டார்கள். காசைத் திருப்பி அனுப்புவது பற்றி ஒருவரும் பேசவில்லை.